மலையேறிய கடல்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் வீடு மாறிப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பார்த்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்.

2016 டிசம்பரில் தெஹிவளையிலிருந்து அக்குறணைக்கு நாங்கள் வீடு மாறினோம். மாமா மௌத்தாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெரிய வீட்டில் மாமி தனியாக இருந்தார். கணவருக்குக் கண்டிக்கு இடமாற்றமும் கிடைத்தது. போகத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அலுமாரி, கட்டில், பிரிட்ஜ், தையல் மெசின் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிவிடலாம். ஏற்ற முடியாத ஒன்று முன்னறையின் மூலையில் இருந்தது. அதுதான் எங்கள் மகனின் கடல் மீன் தொட்டி.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நிரப்பினால் ஏறத்தாழ 54 லீற்றர் கொள்ளும். அதற்குள் ஒரு பவளப்பாறைத் திட்டின் சின்ன மாதிரி. செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு கோமாளி மீன்கள், விரல் நீளத்தில் ஒரு நீல மீன், மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் ஒரு சிவப்பு இறால், ஐந்து நத்தைகள். அவ்வளவுதான் அந்தக் கடலின் குடிசனம்.

மகனுக்கு இந்த ஆசை பிடித்தது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் மீன் காட்சியகத்தில். பிள்ளைகள் எல்லாம் யானையைப் பார்க்க ஓடும்போது இவன் மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பான். பிறகு ஹிக்கடுவைக்குக் கூட்டிப் போய், அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏற்றினோம். கணவர் சிறு வயதில் பார்த்த ஹிக்கடுவை அங்கே இல்லை. 1998ஆம் ஆண்டு கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது அங்கிருந்த பவளப்பாறைகளில் பெரும் பகுதி வெளிறிச் செத்துப்போயிற்று. 2002இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. போன பவளம் எளிதில் திரும்பி வருமா? நாங்கள் வீடு மாறிய 2016இலும் அதே சூட்டினால் நம் நாட்டின் பவளப்பாறைகள் மறுபடியும் வெளிறின. அன்று படகில் மகன் கேட்டான்: "வாப்பா, இதில கொஞ்சத்தை நாம வீட்டுல வளர்த்தா என்ன?"

பவளத்தை உடைத்து எடுப்பது நம் நாட்டில் குற்றம். அதனால் எங்கள் தொட்டியின் பாறைகளைக் கணவரும் மகனும் வீட்டிலேயே செய்தார்கள். வெள்ளைச் சீமெந்தில் சிப்பி ஓட்டைத் தூளாக்கிக் கலந்து, துளைதுளையாக வார்த்து, சீமெந்தின் காரம் போகும்வரை கிழமைக் கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து உண்டாக்கிய பாறைகள் அவை. மூன்று வருடத்தில் அவற்றின் மேல் ரோசா நிறத்தில் ஒரு படை படர்ந்துவிட்டது. துளைகளுக்குள் சின்னச் சின்னப் புழுக்கள் விசிறி விரிப்பதும் மடக்குவதுமாக இருக்கும். பார்ப்பவர்கள் சீமெந்து என்றால் நம்ப மாட்டார்கள்.

"குளிர் பிரதேசத்துல கடல் மீன் எப்படி உயிர் வாழும்? யாருக்காவது கொடுத்துடுங்க" என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் என் மனதிலும் அதுதான் இருந்தது. மகன் அழவில்லை, கத்தவில்லை. "அப்ப நானும் வரல்ல" என்று மட்டும் சொன்னான். பத்து வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தை, கூட்டாளிகளை, பின்னேரம் நடந்து போகும் கடற்கரையை எல்லாம் விட்டுவரச் சம்மதித்திருந்தான். இந்த ஒன்றையும் எப்படிப் பறிப்பது?

கணவர் வழக்கமாக மீன் உணவு வாங்கும் கடைக்காரரிடம் போனோம். வயதானவர். ஆறுதலாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மீனைக் கொண்டு போறது லேசு தங்கச்சி. அந்த மீனை வாழ வைக்கிறதையும் சேர்த்துக் கொண்டு போகணும். அதுதான் கஷ்டம்."

அவர் விளங்கப்படுத்தியதை என் பாசையில் சொல்கிறேன். மீன் தின்னும், கழிக்கும். அந்தக் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகும். கடல் பெரியது, அதனால் தாங்கிக்கொள்ளும். 54 லீற்றர் தொட்டி தாங்காது. அதைத் தாங்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத பக்றீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதையும் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவை தண்ணீரில் மிதந்து திரிவது கொஞ்சம்தான். பாறையின் துளைகளிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அது போலத்தான். உறை செத்தால் எவ்வளவு நல்ல பால் ஊற்றினாலும் தயிர் ஆகாது. பாறையும் மணலும் காய்ந்தாலோ, குழாய்த் தண்ணீர் பட்டாலோ, மூச்சு முட்டினாலோ அந்த உறை செத்துப்போகும்.

புறப்படுவதற்கு முதல் நாளே மீன்களுக்கு உணவை நிறுத்தினோம். வெறும் வயிற்றோடு போனால் வழியில் தண்ணீரைக் கழிவாக்காது. புறப்படும் அன்று சுபஹு தொழுதுவிட்டு வேலையைத் தொடங்கினோம். முதலில் மேல் தண்ணீரைச் சிறிய குழாயால் உறிஞ்சி, 20 லீற்றர் கேன்கள் இரண்டில் பிடித்தோம். ஒரு லீற்றர் ஒரு கிலோ. கேன் இரண்டையும் மாடிப்படியால் இறக்கியபோது கணவரின் இடுப்பு அந்தக் கணக்கை நன்றாக உணர்ந்தது. பிறகு பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய தண்ணீர் ஊற்றிய மூடி வாளிகளில் அமிழ்த்தினோம். பாறை போன பின்னர்தான் மீன் பிடிக்க வேண்டும். ஒளிய இடமில்லாதபோது அவை இலேசாக அகப்படும். பாறை இருக்கும்போது வலையோடு துரத்தினால் மீனும் களைக்கும், நாமும் களைப்போம்.

ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பொலித்தீன் பை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. பைகளை ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கி மூடினோம். இருட்டில் மீன்கள் அமைதியாக இருக்கும், சூடும் கெதியில் மாறாது. பாறை வாளிக்குள் பற்றரியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பியை விட்டோம். கடைசியாக மணலை அள்ளி, பஞ்சையும் சேர்த்து இன்னொரு வாளியில் ஈரமாக வைத்தோம். மணலோடோ தண்ணீரோடோ தொட்டியைத் தூக்கவே கூடாது. கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கன் விட்டுவிடும். வெறுந்தொட்டியைப் போர்வையில் சுற்றினோம். அதற்குத்தான் வானில் முன்னிருக்கை கிடைத்தது. நான் பின்னால் வாளிகளுக்கு நடுவில்.

தெஹிவளைச் சந்தி தாண்டும்போது வலப் பக்கமும் இடப் பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு வருடம் மீன் வாங்கிய கடை, தைக்கக் கொடுத்த கடை, மகன் பிறந்தபோது ஓடிய தெரு. அழக் கூடாது என்று மடியிலிருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

கண்டிப் பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும், கடவத்தை தாண்டும்வரை அது பாதை இல்லை, ஒரு நீண்ட சந்தைதான். நிட்டம்புவ தாண்டிக் கஜுகமவில் கஜுக் கூடைகளோடு நிற்கும் பெண்கள் வானைக் கண்டு கை காட்டினார்கள். ஒரு பக்கெட் வாங்கினோம். மகன் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. அரை மணிக்கொரு தடவை பெட்டியின் மூடியை விரல் அளவு திறந்து பார்ப்பான். "திறந்து திறந்து பார்த்தா சூடு போயிரும் மகன்" என்று வாப்பா சொன்னதும் மூடுவான். வரக்காப்பொலையில் தலகுலி வாங்கியபோதும் அப்படித்தான்.

கேகாலை தாண்டியதும் காற்றின் மணம் மாறியது. உதுவன்கந்தை மலையைக் காட்டி, கணவர் சரதியலின் கதையைச் சொன்னார். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று சனங்கள் பேசும் அந்தக் கொள்ளைக்காரனின் கூட்டாளி மம்மலே மரிக்கார். இருவரும் 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். "கடைசிவரைக்கும் கூடவே இருந்தாரா?" என்று மகன் கேட்டான். அவன் தன் கூட்டாளிகளை நினைத்துக்கொண்டுதான் கேட்டான் என்பது எனக்கு விளங்கியது.

மாவனெல்லையில் லுஹருக்கு நிறுத்தினோம். வானை மர நிழலில் விட்டு, ஆள் மாறி ஆள் காவல் இருந்து தொழுதோம். வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் கால் மணி நேரம் போதும், பைத் தண்ணீர் கொதித்துவிடும். பிறகு கடுகண்ணாவை ஏற்றம். வளைவுக்கு வளைவு வாளிகளுக்குள் தண்ணீர் சளப் சளப் என்று அலையடித்தது. மூடியின் ஓரத்தால் சிந்தி என் அபாயாவில் பட்டது. நாக்கில் பட்ட ஒரு துளி கரித்தது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், தூரத்தில் பத்தலேகலையின் தட்டையான தலை, மடியில் கடல் தண்ணீர். அந்த வேளையில் எனக்கே சிரிப்பு வந்தது.

ஏற்றத்தின் உச்சியில் பாறையைக் குடைந்த பழைய வழியும், இந்தப் பாதையை அமைத்த பொறியியலாளர் டோசனுக்கு 1832இல் எழுப்பிய வெள்ளைக் கோபுரமும் இருக்கின்றன. அதைத் தாண்டியதும் குளிர் காற்று. பேராதனையில் ஒரு தடவை, கட்டுகஸ்தோட்டையில் ஒரு தடவை என மகாவலியை இரண்டு முறை கடந்து, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதையில் திரும்பினால் அக்குறணை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீற்றர்தான். எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் எடுத்தது.

அக்குறணை டவுனை அறிந்தவர்களுக்கு பிங்கா ஓயாவையும் தெரிந்திருக்கும். மழை பிடித்தால் ஆறு பெருகி வந்து கடைகளுக்குள் புகுந்துவிடும். மாமியின் வீடு மேட்டில், கராம்பு, சாதிக்காய், மிளகுக்கொடி எல்லாம் சூழ்ந்த தோட்டத்துக்குள் இருக்கிறது. வாசலில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மாமி ஓடி வந்து மகனை அணைக்கப் போனார். அவன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, "வாப்பும்மா, முதல்ல மீன்" என்றான்.

அசையாத பலகை மேசை ஒன்றை, வெயில் விழாத சுவரோரம் மட்டம் பார்த்து வைத்தோம். பாறைகளை அடுக்கி, கொண்டுவந்த பழைய தண்ணீரை ஊற்றி, குறைக்கு முதல் நாள் தெஹிவளையில் கடல் உப்புக் கரைத்து வைத்திருந்த தண்ணீரைச் சேர்த்தோம். லீற்றருக்கு 35 கிராம் கணக்கு. அது கறி உப்பு அல்ல, மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு. குளிருக்கு மின் சூடாக்கி. தெஹிவளையில் அது தேவையே இல்லை. அங்கே தொட்டித் தண்ணீர் 28 பாகையில் நிற்கும். இங்கே டிசம்பர் விடியற்காலையில் அறைக்குள் 20 பாகை. பிறகு பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீன்களை மட்டும் விட்டோம். பைத் தண்ணீரைத் தூர ஊற்றினோம். எல்லாம் உயிரோடு. மகன் அன்றுதான் மாமியின் கையால் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

களைப்பில் மணல் வாளியையும் பஞ்சையும் பின் விறாந்தையில் வைத்துவிட்டு, காலையில் போடுவோம் என்று படுத்துவிட்டோம்.

விடிந்து நான் குசினிக்குப் போனபோது, மாமி மணலை அரிசி களைவது போல் ஏழெட்டுத் தண்ணீரில் களைந்து, சுளகில் பரப்பி வெயிலில் வைத்திருந்தார். பஞ்சு பிழிந்து கொடியில் காய்ந்தது. "அந்த மண் நாறிக்கொண்டு ஈக்குது மகள். நான் நல்லாக் கழுவி வெச்சிருக்கேன்" என்றார் சந்தோசமாக. குழாய்த் தண்ணீர், குளோரின் போட்ட தண்ணீர்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் விட்டதும் பிழைதான். அதற்கு முந்திய இரவே என் சாமான் பெட்டிகளைத் திறந்து, சட்டி பானைகளையெல்லாம் தன் ஒழுங்கில் மாமி அடுக்கியிருந்தார். அந்தக் கோபமும் எனக்குள் இருந்தது. இனி இந்த வீட்டில் என்னுடையது என்று ஏதாவது மிஞ்சுமா என்று தோன்றியது. மணலைப் பற்றி முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வைக்காதது நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

பாறைகளில் உறை மிச்சம் இருந்தது, ஆனால் போதவில்லை. மூன்றாம் நாள் மீன்கள் மேல் தண்ணீருக்கு வந்து மூச்சு வாங்கின. பரிசோதனைக் குப்பியில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாகியது. அமோனியா. உணவை நிறுத்தி, நாளுக்குப் பத்து லீற்றர் தண்ணீரை மாற்றினோம். முதல் நாளே பிடித்து, காற்றுக் குமிழி விட்டுக் குளோரினைப் போக்கி, உப்புக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கணவர் கந்தோருக்குப் போய்விடுவார். வாளி சுமந்தது நானும் மகனும். ஐந்தாம் நாள் காலை, கோமாளி மீன்களில் சின்னது பாறையடியில் சரிந்து கிடந்தது.

மகன் அதைச் சாதிக்காய் மரத்தடியில் புதைத்தான். நடந்தது அவனுக்குத் தெரியும். வாப்பும்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கூப்பிட்டாலும் பதில் இல்லை. மாமி இரவு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு வெளங்கல்ல மகள். அழுக்கெண்டுதான் நெனச்சேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. கணவனை இழந்து ஆறு மாதம் இந்த வீட்டில் தனியாக இருந்த மனுசி. பேரன் வருகிறான் என்று வீடெல்லாம் கழுவித் துடைத்து வைத்தவர், மணலையும் அதே கையால்தான் கழுவினார்.

"மாமி, மீன் ஆணம் காய்ச்சிற உங்கட பழைய மண்சட்டியைச் சவர்க்காரம் போட்டு உரைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"பைத்தியமா? சட்டி பழகினது போயிருமே!"

"அதுபோலதான் இந்த மண்ணும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே மகள்" என்றார். அது நியாயம்தான்.

அடுத்த நாள் நான் உப்புக் கரைத்துக்கொண்டிருந்தபோது மாமி ஒரு கோழி முட்டையோடு வந்தார். ஊறுகாய் போடும்போது உப்புப் பதம் பார்ப்பது போல் முட்டையை வாளிக்குள் விட்டார். அது கல் போல அடியில் போய்க் கிடந்தது. "உப்புக் காணாது மகள், முட்டை மிதக்கல்ல. இதுதான் மீன் சாகுது" என்றார் கவலையோடு. வாசலில் நின்ற மகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாப்பும்மா, கடல்லயும் முட்டை தாழும்! ஊறுகாய்த் தண்ணிதான் அதைவிட உப்பு. இங்க பாருங்க" என்று ஹைட்ரோமீற்றரைக் கொண்டுவந்து, முள் 1.025இல் நிற்க வேண்டும் என்று காட்டினான். ஐந்து நாளைக்குப் பிறகு அவன் வாப்பும்மாவோடு பேசிய முதற் பேச்சு அது. மாமி கண்ணாடியை எடுத்துப் போட்டு, முள்ளைக் கூர்ந்து பார்த்தார்.

மூன்று கிழமையில் தண்ணீர் மறுபடியும் மஞ்சளாயிற்று. நாங்கள் அவசரப்படவில்லை, புது மீன் வாங்கவில்லை. பாறைகளின் உறை மெதுவாகப் பெருகி, கழுவிய மணலுக்கும் பரவியது.

அக்குறணையை நான் அறியத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குத் தன் நாட்டில் இடம் கொடுத்தான் என்று படித்திருக்கிறேன். கரையிலிருந்து மலைக்கு ஏறி வந்து வேர் பிடித்தவர்கள் எங்களுக்கு முன்னாலும் இருந்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வான் இருந்தது. அவர்கள் எதைச் சுமந்து வந்திருப்பார்கள், எதை விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று சிலவேளை வாசலில் மிளகு காயவைக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

வீடு மாறப்போகும் சகோதரிகளுக்கு ஒரு சொல். மீன் தொட்டி உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எதைக் கழுவக் கூடாது, எதைத் தொடக் கூடாது, எதற்குக் காலம் கொடுக்க வேண்டும் என்பதைப் போகும் வீட்டாருக்கு முதல் நாளே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அவர்களுடைய பழகிய சட்டி எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மகன் பெரியவனாகிவிட்டான், வெளியில் தங்கிப் படிக்கிறான். பெரிய கோமாளி மீன் இன்னும் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் ஆவியாகக் குறையும், ஆனால் உப்புக் குறையாது. அதனால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்தில் மகன் கண்ணாடியில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கிறான். ஒவ்வொரு நாளும் காலையில், குளோரின் போன தண்ணீரை ஒரு கிளாசில் எடுத்து, அந்தக் கோடுவரை ஊற்றுவது மாமிதான். வேறு ஒருவரையும் தொட விடமாட்டார்.

"நீங்க கழுவிக் கிழுவி வெச்சிடுவீங்க" என்பார்.